அப்பாவின் மகள்: ஒரு டைரியும் ஒரு மரபணுவும்

கேத்லின் ஃபோல்பிக் வழக்கைப் பற்றி இப்போது சொல்லப்படும் கதை மிகவும் நேரானது. நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த ஆஸ்திரேலியத் தாய். அவரே கொன்றார் என்று 2003இல் தீர்ப்பு. இருபது வருடம் சிறை. பிறகு விஞ்ஞானிகள் அவருடைய மரபணுவில் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கும் ஒரு பிறழ்வைக் கண்டுபிடிக்கிறார்கள். 2023இல் விடுதலை. இருட்டில் தடவிக்கொண்டிருந்த சட்டத்துக்கு விஞ்ஞானம் டார்ச் அடித்துக் காட்டிய கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த வழக்கில் நடந்த இரண்டு விசாரணைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. அந்த மரபணு 2019இலேயே மேசைமேல் இருந்தது. முதல் விசாரணையை நடத்திய ஓய்வுபெற்ற நீதிபதி ரெஜினால்ட் பிளாஞ்ச் அதைப் பார்த்தார், நிபுணர்களைக் கேட்டார், கடைசியில் கேத்லின் குற்றவாளி என்பது இன்னும் உறுதியாகிறது என்று எழுதினார். அவரை அந்த முடிவுக்குக் கொண்டுபோனதில் பெரும் பங்கு டைரிகளுக்கு. நான்கு வருடம் கழித்து அதே மாநிலத்தின் முன்னாள் தலைமை நீதிபதி டாம் பாத்ஹர்ஸ்ட் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்றார். இடையில் புதிய ஆய்வக முடிவுகள் வந்தன, அது உண்மைதான். கூடவே இன்னொன்றும் மாறியது. டைரியை வாசித்த விதம்.

அதனால்தான் இதை விஞ்ஞானக் கட்டுரையாக எழுதத் தோன்றவில்லை. ஒரு பிரதியை எப்படி வாசிப்பது, எப்படி வாசிக்கக்கூடாது என்ற கேள்வி இதில் இருக்கிறது. அந்த வாசிப்பின் முடிவில் ஒரு பெண்ணுக்கு நாற்பது வருடத் தண்டனை விழுந்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் குழந்தை கேலப், 1989 பிப்ரவரியில் பிறந்து 19 நாளில் இறந்தான். இரண்டாவது பேட்ரிக், நான்கு மாதத்தில் மூச்சுத் திணறி, அதன்பின் வலிப்பும் பார்வைக் குறைபாடும் வந்து, 1991இல் எட்டு மாதக் குழந்தையாக இறந்தான். சாரா 1993இல், பத்து மாதத்தில். லாரா 1999 மார்ச்சில், ஒன்றரை வயது கடந்தபின். முதல் மூன்று மரணங்களையும் அப்போது டாக்டர்கள் இயற்கையானவை என்றுதான் எழுதினார்கள். கேலப்புக்கும் சாராவுக்கும் 'தொட்டில் மரணம்', பேட்ரிக்குக்கு வலிப்பு. நான்காவது குழந்தை இறந்ததும் போலீஸ் வந்தது. லாராவின் பிரேதப் பரிசோதனையில் இதயத் தசையில் அழற்சி இருந்தது. ஆனாலும் காரணம் தீர்மானிக்கப்படவில்லை என்றே பதிவானது. அந்தச் சமயத்தில்தான் கணவர் கிரெய்க் வீட்டில் கிடைத்த டைரியைக் கொண்டுபோய் போலீசில் கொடுத்தார்.

உடல்களில் கொலைக்கான தடயம் இல்லை. பார்த்த சாட்சி இல்லை. ஒப்புதல் வாக்குமூலமும் இல்லை. இருந்தவை இரண்டு: நான்கு என்ற எண்ணிக்கை, டைரி.

டைரியில் என்ன இருந்தது? 'நான் கொன்றேன்' என்று எங்கேயும் இல்லை. உடம்பு குண்டாகிறதே என்ற கவலை, கணவர் தன்னைக் கண்டுகொள்வதில்லை என்ற புகார், அடுத்த குழந்தை தங்குமா என்ற பயம், தன்மேலேயே வெறுப்பு. பெரும்பாலும் லாராவுக்கு முன்னும் பின்னுமான காலத்தில் எழுதியவை. நடுநடுவே சில வாக்கியங்கள் நம்மைச் சுண்டி இழுக்கும். சாரா போய்விட்டாள், அதற்குக் கொஞ்சம் உதவியும் இருந்தது என்ற பொருளில் ஓர் இடம். லாரா சமர்த்துக் குழந்தை, அந்தக் குணமே அவளை அண்ணன்கள், அக்காவின் கதியிலிருந்து காப்பாற்றியது என்று இன்னோர் இடம். பொறுமை இழந்துவிட்டேன், எனக்கே பயமாக இருந்தது என்று வேறோர் இடம்.

கொலைகாரி என்று முடிவு செய்துவிட்டுப் படித்தால் இவை வாக்குமூலம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று வைத்துப் படித்தால் புலம்பல். வாக்கியம் ஒன்றுதான். 'உதவி' என்று தான் எழுதியது கடவுளையோ அப்படி ஏதோவொரு மேல்சக்தியையோ நினைத்து என்று 2019 விசாரணையில் கேத்லின் சொன்னார். நாள்கணக்காக அந்த வரிகளை வைத்தே அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். நீதிபதி அந்த விளக்கத்தை நம்பவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் தூக்கமில்லாத ஓர் இரவில் கிறுக்கிய அரை வாக்கியத்துக்கு இன்றைக்கு உரை சொல், அந்த உரை எனக்குத் திருப்தியாக இல்லையென்றால் நீ பொய் சொல்கிறாய் என்பது எந்த வகை விமர்சன முறை என்று எனக்கு விளங்கவில்லை.

இலக்கியம் வாசிக்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, இது என்ன வகைப் பிரதி என்பது. கடிதமா, கணக்கு நோட்டா, பிரார்த்தனையா? நம் ஊர் சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பாடம் நடத்தத் தேவையில்லாத விஷயம். 'பாவி நானே உன்னக் கொன்னுட்டேனே, உன்ன முழுங்கிட்டேனே' என்று மார்பில் அடித்துக்கொண்டு அழும் தாயை யாரும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவதில்லை. ஒப்பாரியின் இலக்கணம் கேட்கிற காதுக்குத் தெரியும். அங்கே 'நான் கொன்றேன்' என்றால் 'என்னால் காப்பாற்ற முடியவில்லை' என்று பொருள். சிட்னி கோர்ட்டில் அந்தக் காது யாருக்கும் இல்லாமல் போனது ஆச்சரியமல்ல. ஆனால் காது உள்ளவர்களைக் கூப்பிட்டிருக்கலாம். 2003 விசாரணையில் டைரியைப் பற்றிச் சொல்ல ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோகூட யாரும் அழைக்கவில்லை. ஜூரிகள் தாங்களாகவே வாசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். 2023இல் கூப்பிட்டார்கள். துக்கத்திலும் மனச்சோர்விலும் இருக்கும் தாய் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும் எழுத்து இது என்று நிபுணர்கள் சொன்னார்கள். அதைச் சொல்ல இருபது வருடம் ஆகியிருக்கிறது.

டைரியில் இன்னொரு வரி உண்டு, 1996இல் எழுதியது. தன் கெட்ட குணங்களைப் பற்றி நொந்துகொண்டு, நான் என் அப்பாவின் மகள்தானே என்று முடிக்கிறார். அப்பா யார்? கேத்லினுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது அவருடைய அம்மாவைக் குத்திக் கொன்றவர். வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்து, பின்னால்தான் இதைத் தெரிந்துகொண்டார் கேத்லின். இந்த வரியை ஜூரிக்குக் காட்டவில்லை. அந்த மட்டில் கோர்ட்டுக்கு நிதானம் இருந்தது. ஆனால் ஜூரிகளில் ஒருவர் வீட்டுக்குப் போய் இன்டர்நெட்டில் தேடி அப்பாவின் கொலையைத் தெரிந்துகொண்டார். இதை வைத்து 2007இல் போட்ட மேல்முறையீடும், இதனால் அநீதி நடந்துவிடவில்லை என்று தள்ளுபடியானது. தீர்ப்புக்குப் பின் பத்திரிகைகளோ அந்த ஒற்றை வரியை விடவே இல்லை.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பார்கள். இங்கே தகப்பனைப் போலப் பிள்ளை. இரத்தத்தில் வருவது குணம், கொலைவெறி என்பது மிகப் பழைய நம்பிக்கை. நவீனக் கோர்ட்டின் வாசலில் இதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. யாரும் கழற்றுவதில்லை. இந்த வழக்கில் எனக்கு மிகவும் உறைத்தது இதுதான்: எல்லோருமே பரம்பரையைத் தேடினார்கள். தவறான ஏட்டில் தேடினார்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் ராய் மெடோவின் பெயரில் ஒரு 'விதி' அந்த நாட்களில் புழக்கத்தில் இருந்தது. ஒரு குழந்தை இறந்தால் சோகம், இரண்டு இறந்தால் சந்தேகம், மூன்று இறந்தால் கொலை, வேறு நிரூபணம் இல்லாதவரை. சாலி கிளார்க் வழக்கில் அவர் சாட்சி சொன்னபோது, ஒரு குடும்பத்தில் தொட்டில் மரணம் நிகழும் வாய்ப்பு 8,543இல் ஒன்று, ஆகவே இரண்டு நிகழ 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். எண்ணை எண்ணாலேயே பெருக்கிவிட்டார். லாட்டரிக்குச் சரி. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கு எப்படிப் பொருந்தும்? தாயிடம் அப்படியொரு பிறழ்வு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போய்ச்சேர வாய்ப்பு பாதிக்குப் பாதி. முதல் மரணம் இரண்டாவதைக் குறைவான சாத்தியமாக்குவதில்லை, கூடுதல் சாத்தியமாக்குகிறது. ஃபோல்பிக் வழக்கில் மெடோவின் பெயரைச் சொல்லாமலே இதே தர்க்கம் ஓடியது. நான்கும் இயற்கை மரணம் என்பது பன்றிக்குட்டி இறக்கையோடு பிறப்பதைப் போல என்று அரசுத் தரப்பு ஜூரியிடம் சொன்னது.

இங்கே எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்யவேண்டும். மெடோவின் விதி வெறும் ஆணவத்தில் முளைத்ததல்ல. 1972இல் ஆல்ஃபிரெட் ஸ்டைன்ஷ்னைடர் என்ற அமெரிக்க மருத்துவர், ஒரே குடும்பத்தில் ஐந்து குழந்தைகளை இழந்த ஒரு தாயின் கடைசி இரண்டு பிள்ளைகளை மருத்துவமனையில் வைத்துக் கவனித்து, இது குடும்பத்தில் ஓடும் மூச்சுத் தடை நோய் என்று புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். இருபது வருடத்துக்கும் மேல் அது பாடமாக இருந்தது. 1994இல் அந்தத் தாய், வனேட்டா ஹாய்ட், ஐந்து பேரையும் தானே மூச்சுத் திணறடித்ததாக ஒப்புக்கொண்டார். பின்னர் வாக்குமூலத்திலிருந்து பின்வாங்கினாலும் 1995இல் தண்டிக்கப்பட்டார். அங்கே பரம்பரையை வாசித்தார்கள், விஷயம் கொலை. அந்தச் சூடு பட்ட மருத்துவ உலகம் அடுத்து வந்த தாய்மார்களை எல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. ஒரு தப்பான வாசிப்புக்குப் பரிகாரமாக எதிர்த்திசையில் இன்னொரு தப்பான வாசிப்பு. விமர்சன உலகில் இது பழக்கமான நோய்தான், அங்கே யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

இனி மரபணு. 2018இல் கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் கரோலா வினுவேசாவும் அவருடைய சகா தோதோர் அர்சோவும் கேத்லினின் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். கால்மோடுலின் என்று ஒரு புரதம். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, இதயத் தசைச் செல்லின் வாயில்களை எப்போது திறப்பது எப்போது மூடுவது என்று சொல்லும் கங்காணி. உடம்புக்கு இது எவ்வளவு முக்கியம் என்றால், இதே ஒரு புரதத்தைச் செய்ய மூன்று தனித்தனி மரபணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, ஆக ஆறு. ஆறில் ஒன்று கெட்டாலே போதும், துடிப்பின் தாளம் தப்பும். கேத்லினுக்கு இரண்டாவது மரபணுவில், 114ஆம் இடத்தில் கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் ஆர்ஜினின். குழந்தைகளின் சேமித்துவைத்த மாதிரிகளைப் பரிசோதித்தபோது சாராவுக்கும் லாராவுக்கும் அதே பிறழ்வு. பையன்கள் இருவருக்கும் இல்லை.

2019 விசாரணையில் நிபுணர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கான்பெரா அணி, இது நோய் உண்டாக்கக்கூடியதே என்றது. சிட்னி அணி, இது 'பொருள் உறுதியாகாத மாறுபாடு' என்றது. மரபியலில் இது முறையான ஒரு வகைப்பாடு. எழுத்து மாறியிருக்கிறது, அதற்கு என்ன பொருள் என்று இன்னும் சொல்ல முடியாது என்று பொருள். இந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. வாசகன் தன் எல்லையை ஒப்புக்கொள்வதற்கு ஒரு துறை அதிகாரபூர்வமாகவே பெட்டி ஒன்று செய்து வைத்திருக்கிறது. டைரிக்கு அப்படியொரு பெட்டி இல்லை. விந்தை என்னவென்றால், ஒரே விசாரணையில், ஒரே மேசையில், மரபணுவுக்குப் 'பொருள் உறுதியில்லை' என்று சொல்லி ஓரம்கட்டினார்கள், டைரிக்குப் பொருள் உறுதி என்று சொல்லி நடுவில் வைத்தார்கள். நான்கு எழுத்துகள் மட்டுமே உள்ள மொழியில் சந்தேகம், மனித மொழியில் சந்தேகமே இல்லை!

அடுத்த வருடம் டென்மார்க்கின் ஆல்போர்கில் மைக்கேல் டாஃப்ட் ஓவர்கார்டின் ஆய்வகம் பிறழ்ந்த கால்மோடுலினைச் செய்து பார்த்தது. கால்சியத்தைப் பிடிப்பதிலும் வாயில்களை ஆள்வதிலும் அது தடுமாறுகிறது என்று காட்டியது. கட்டுரை 2020 நவம்பரில் 'யூரோபேஸ்' இதழில் வந்தது. ஆசிரியர்களில் மிலானின் பீட்டர் ஷ்வார்ட்ஸும் ஒருவர், இந்தத் துறையின் மூத்த கை. சளியும் அதற்குக் கொடுத்த மருந்தும் லாராவின் இதயத்தைத் தூண்டியிருக்கலாம், சாராவுக்கும் உடம்பு சரியில்லாமல்தான் இருந்தது என்பதையும் கட்டுரை சேர்த்துப் பார்க்கிறது. 2021இல் நோபல் பரிசு பெற்றவர்கள் உட்பட 90 பேர் கையெழுத்திட்ட மனு போனது.

உடனே எழுந்த கேள்வி: அதே பிறழ்வோடு தாய் எப்படி உயிரோடு இருக்கிறார்? கேட்க வலுவான கேள்விதான். இதற்குப் பதில் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அங்கே ஆஃப்ரிகானர் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பொட்டாசியம் வாயில் பிறழ்வு ஓடுகிறது. ஸ்டெல்லன்பாஷின் பால் பிரிங்க், ஷ்வார்ட்ஸோடு சேர்ந்து, வம்சாவளிப் பதிவுகளைப் பிடித்து மேலே ஏறி, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மணமான ஒரு தம்பதியிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். டச்சும் பிரெஞ்சு ஹியூகனாட்டும் கலந்த வம்சம். 2005இல் வெளியான அவர்கள் ஆய்வில் அந்தப் பிறழ்வு உள்ள 166 பேரைப் பார்த்தார்கள். சிலர் சின்ன வயதிலேயே மயங்கி விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். ஆனால் 12 சதவீதம் பேருக்கு ஈசிஜியில் நோயின் அடையாளமான நீண்ட இடைவெளியே இல்லை. ஒரே மூதாதை, ஒரே பிழை, விதவிதமான ஆயுள். வேறு மரபணுக்கள் குறுக்கே வந்து தீவிரத்தைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றன என்று பின்னால் காட்டினார்கள். ஆக மரபணுவும் ஒற்றைப் பொருள் தரும் பிரதியல்ல. அதைத் தலையெழுத்தாக வாசிக்கிறவர், 'அப்பாவின் மகள்' என்று வாசித்தவரின் பக்கத்து வீட்டுக்காரர்.

இத்தகைய விஷயங்களைக் குடும்பங்கள் டாக்டர்களுக்கு முன்பே அறிந்திருக்கின்றன. 1856இல் லைப்சிக்கில் மைஸ்னர் என்ற மருத்துவர் பதிவு செய்த சம்பவம் ஒன்று. காதுகேளாதோர் பள்ளியில் ஒரு சிறுமியை எல்லோர் முன்னாலும் கண்டித்தபோது அப்படியே விழுந்து இறந்தாள். தகவல் சொன்னால் பெற்றோர் ஆச்சரியப்படவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை பயத்திலும் இன்னொன்று கோபத்திலும் அப்படித்தான் போயிருந்தன. அந்த நோய்க்கு ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற பெயர் வர 1957 ஆனது. இங்கிலாந்தில் பிள்ளைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஏஞ்சலா கானிங்ஸ் 2003 டிசம்பரில் வெளியே வந்ததற்கு ஒரு காரணம், பிபிசிக்காரர்கள் அவர் குடும்பத்தின் பழைய ஏட்டைப் புரட்டியது. தகப்பன் வழிப் பாட்டிக்கும் கொள்ளுப்பாட்டிக்கும் கைக்குழந்தைகள் இறந்திருந்தன. கேத்லினுக்கு அப்படிப் புரட்ட ஏடே இல்லை. அம்மா கொலையுண்டவர், அப்பா கொலைகாரர், வளர்ந்தது வேறு வீட்டில். நம் குடும்பத்தில் இப்படி நடப்பதுண்டு என்று சொல்ல ஒரு பாட்டியோ அத்தையோ பக்கத்தில் இல்லை. அந்த இடத்தில் கிடைத்ததெல்லாம் அப்பாவின் குற்றப் பதிவு. அதைத்தான் அவரும் டைரியில் எழுதினார், ஜூரியும் தேடிப் படித்தார்.

2023 ஜூன் 5 அன்று மன்னிப்பு, டிசம்பர் 14 அன்று தண்டனைகள் ரத்து. 2025இல் மாநில அரசு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தருவதாகச் சொன்னது. வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பார்த்திருக்கக்கூடாது.

பாத்ஹர்ஸ்டின் விசாரணையில் எனக்குப் பிடித்தது, அது எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் கட்டாதது. பேட்ரிக்குக்கு வலிப்பு நோய் இருந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டு. பெண் குழந்தைகளுக்குக் கால்மோடுலின் பிறழ்வு நியாயமான வாய்ப்பு. டைரி, குற்றத்தை நம்பகமாக ஒப்புக்கொள்ளும் ஆவணம் ஆகாது. பையன்களிடம் வேறொரு மரபணுவில் அரிய மாறுபாடுகள் இருந்தன, எலிகளில் அந்த மரபணுவைச் சிதைத்தால் வலிப்பு வருகிறது. அதையும் முடிந்த பதிலாக யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை. 19 நாள் இருந்த கேலப்புக்கு ஒற்றைக் காரணம் எதுவும் எழுதப்படவில்லை. மூச்சுக்குழல் மேல்பகுதி கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, பால் குடிக்கும்போது சத்தம் வந்தது என்ற டாக்டரின் பழைய குறிப்பு மட்டும் கோப்பில் இருக்கிறது.